கொழு, லாடம், குப்பி: சசெக்ஸில் சித்தப்பாவோடு ஐந்து நாள்

லண்டனுக்கு வந்த மூன்றாவது வாரமே சித்தப்பாவுக்கு அலுத்துவிட்டது. பாலம், அரண்மனை, பெரிய கடிகாரம் எல்லாம் பார்த்தாயிற்று. "பார்க்கிறதெல்லாம் கட்டடமாவே இருக்கேப்பா, வயல்னு ஒண்ணு கிடையாதா இந்த ஊர்ல?" என்று கேட்டார். அலுவலக நண்பன் ஒருவனுடைய அப்பா சசெக்ஸ் பக்கம் வயல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுகிறவர். அறுப்பு முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னால் நிலம் சும்மா கிடக்கும் இரண்டு மூன்று வாரம்தான் அவருக்குத் திருவிழா. கூட வரலாம் என்றார். எனக்குத் தங்கக் காசு ஆசை, சித்தப்பாவுக்கு வயல் ஆசை. கிளம்பிவிட்டோம்.

அன்றன்று இரவு கைப்பேசியில் தட்டி வைத்ததைத்தான் இங்கே போடுகிறேன். பிழை திருத்தியதோடு சரி.

செப்டம்பர் 20, வெள்ளி. லூயிஸ்

லூயிஸ் மேடும் பள்ளமுமான ஊர். ரயிலடியிலிருந்து விடுதிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. 68 வயது சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் பழைய பீர் ஆலை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து வந்த வாசனையைப் பிடித்துவிட்டு, "நெல்லு அவிக்கிறாங்க போல" என்றார். பார்லியை வெந்நீரில் ஊறவைக்கிறார்கள் என்றேன். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார்.

விடுதி அறை ஓர் இரவுக்கு 95 பவுண்டு. வீட்டுக்கார அம்மாள் பித்தளைச் சாவி ஒன்றைக் கொடுத்து, தொலைத்தால் 25 பவுண்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். புரட்டாசி பிறந்துவிட்டது, காலைச் சாப்பாட்டில் கறி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று விளக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. "முட்டையுமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் பெரியவர் வந்தார். நண்பனின் அப்பாவை இங்கே அப்படித்தான் எழுதப் போகிறேன். 74 வயது, டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கைகளைப் பார்த்தாலே தெரிகிறது. ரேகைகளில் இருக்கும் கருப்பு இனி எந்த சோப்புக்கும் போகாது. சித்தப்பா கை குலுக்கும்போது அதை ஒரு கணம் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவருக்கு 'தேங்க்யூ' தவிர ஆங்கிலம் தெரியாது.

முதலில் சட்டம் சொன்னார். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் டிடெக்டரை எடுத்தாலே குற்றம். ஜன்னலுக்கு வெளியே ஒரு குன்றைக் காட்டி, "அது மவுண்ட் கேபர்ன், இரும்புக்காலக் கோட்டை. அங்கே பார்க்கலாம், தோண்டக் கூடாது" என்றார். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, காசு அல்லாத, 300 ஆண்டுக்கு மேல் பழைய பொருளில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ இருந்தால், 14 நாளுக்குள் அந்தப் பகுதி கரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். சாவு விசாரணை நடத்துகிற அதே கரோனர்தான். இதைச் சித்தப்பாவுக்குச் சொன்னபோது, "செத்தவன் பொருள்தானே, சரியாத்தான் வச்சிருக்கான்" என்றார்.

அப்புறம் சுத்தியல் கதை. 1992 நவம்பரில் சஃபக் மாவட்டத்தில் ஹாக்ஸ்னி என்ற ஊரில் ஒரு குத்தகை விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித்தரச் சொல்லி டிடெக்டர் வைத்திருந்த எரிக் லாஸ் என்ற நண்பரைக் கூப்பிட்டார். சுத்தியலைத் தேடப் போன இடத்தில் ரோமானியர் காலத்துப் புதையல் வந்தது. 14,865 காசுகள், தங்க நகைகள், கரண்டிகள், நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். லாஸ் மேலே தோண்டாமல் உடனே தகவல் சொன்னதால் அகழாய்வாளர்கள் வந்து ஒழுங்காக எடுத்தார்கள். வெகுமதி 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. விவசாயிக்கும் பங்கு உண்டு.

"சுத்தி கிடைச்சுதா?" என்று கேட்டார் சித்தப்பா.

கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது. மிளகுச் சிமிழைப் பற்றி நான் ஆர்வமாக ஆரம்பித்தேன். அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்துதானே போயிருக்கும் என்றேன். அவருக்குச் சுத்தியல் போதும்.

செப்டம்பர் 21, சனி. முதல் வயல்

காலைத் தட்டில் காளான், வேகவைத்த தக்காளி, பீன்ஸ், வாட்டிய ரொட்டி. சித்தப்பா தன் பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்தார். வீட்டுக்கார அம்மாள் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அப்போது, 2024இல், பஸ்ஸில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 2 பவுண்டுதான். இறங்கி அரை மைல் நடந்தால் வயல். கோதுமைத் தாள் அரையடி உயரத்துக்கு நிற்கிறது. இடையிடையே மண் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மேலே உடைந்த சிக்கிமுக்கிக் கற்கள். சித்தப்பா குனிந்து ஒரு பிடி மண் எடுத்து விரலில் தேய்த்தார். "இதுலயா கோதுமை விளையுது? கல்லு கொழுவைத் தின்னுடுமே" என்றார். கலப்பை நுனியில் மண்ணைக் கிழிக்கிற இரும்புதான் கொழு. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.

டிடெக்டர் எடை குறைவு. வீசுவதுதான் கஷ்டம். தரையை ஒட்டி, துடைப்பம் போடுகிற மாதிரி, ஆனால் நுனியைத் தூக்காமல் வீச வேண்டும். பெரியவரின் கருவியில் இரும்புக்கு அடித்தொண்டைக் கரகரப்பு, செம்பு வெள்ளிக்குக் கீச்சென்ற குரல். இரும்பு என்றால் விட்டுவிடலாமே என்று கேட்டேன். விட முடியாதாம். ஆணி மாதிரிச் சின்ன இரும்பு கரகரக்கும். லாடம், கொழு, வளையம் மாதிரிப் பெரிய இரும்போ தட்டையான இரும்போ வெள்ளிக்காசு போலவே கீச்சிட்டு ஏமாற்றும். "பெரிய இரும்பு பொய் சொல்லும். ஆனால் அழகாகச் சொல்லும்" என்றார்.

என் முதல் அழகான பொய் பத்தரை மணிக்கு வந்தது. ஒரு சாண் ஆழம். மண்ணைத் தட்டியதும் கைநீளத்துக்குக் கூர்முனை, கீழே அகன்ற அடி. 1264இல் மன்னர் மூன்றாம் ஹென்றியை சைமன் டி மாண்ட்ஃபோர்ட்டின் படை தோற்கடித்த லூயிஸ் சண்டை இந்த ஊரில்தான் நடந்தது. நான் முந்தின இரவே படித்து வைத்திருந்தேன். கை நடுங்கிவிட்டது. "ஈட்டி!" என்று கத்தினேன்.

பெரியவர் நிதானமாக வந்தார். வாங்கிப் பார்த்தார். "ஈட்டிக்கு நடுவில் பிளவு எதற்கு?" என்று கேட்டார்.

உண்மையிலேயே முனைக்குப் பின்னால், தட்டைக் கிடையாக வெட்டின மாதிரி ஒரு பிளவு இருந்தது. அடியில் போல்ட் போடும் துளை. குதிரை பூட்டிய அறுப்பு இயந்திரத்தின் 'விரல்' இது. இந்த மாதிரி விரல்கள் வரிசையாகத் தரையோடு தரையாகத் தாளுக்குள் நுழையும். அவற்றின் பிளவுகளுக்குள் முக்கோணக் கத்திகள் பதித்த நீள் பட்டை ஒன்று இடமும் வலமும் ஓடும். விரலுக்கும் கத்திக்கும் நடுவில் தாள் மாட்டிக்கொண்டு கத்தரியில் மாட்டிய நூல் மாதிரி அறுபடும். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பரவிய சாதனம், டிராக்டர் வந்த பிறகும் ஓடியது. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதை ஈட்டி என்றுதான் தூக்கிக்கொண்டு வருவார்களாம். ஆறுதலுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

சித்தப்பா அதை வாங்கி பிளவுக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டு ஓட்டினார். "மேல் உதட்டைவிடக் கீழ் உதடு தேஞ்சிருக்கு. கத்தி கீழே உரசித்தான் ஓடியிருக்கு." நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தன் டிடெக்டரில் ஒன்றைச் சித்தப்பா கையில் கொடுத்தார். அதுவரை அவரை வேடிக்கை பார்க்க வந்தவராகத்தான் நினைத்திருக்கிறார்.

மதியம் வரை வந்தவை: தோட்டா அடிப்பகுதிகள் 11, பரம்புப் பல் ஒன்று, 1912ஆம் ஆண்டுப் பென்னி ஒன்று, டிராக்டர் கடையாணிகள் நான்கு, உடைந்த கொழு முனைகள் ஆறு. ஆறு! சிக்கிமுக்கிக் கல் மேல் கோபமே வந்துவிட்டது.

சாப்பாடு கிராமத்துப் பப்பில். 'உழவர் சாப்பாடு' என்று பலகையில் எழுதியிருந்தது, 14 பவுண்டு 50 பென்ஸ். பெரிய துண்டு சீஸ், ரொட்டி, ஆப்பிள், இனிப்பு ஊறுகாய், வினிகரில் போட்ட முழு வெங்காயம். சித்தப்பா சீஸை எனக்குத் தள்ளிவிட்டு, ரொட்டியும் வெங்காயமுமாகச் சாப்பிட்டு முடித்தார். பழையதுக்கும் வெங்காயத்துக்கும் பக்கத்தில் வரும் என்று மதிப்பெண் போட்டார். உழவன் ரொட்டி, சீஸ் கொண்டுபோய் வரப்பில் தின்றது பழைய வழக்கம்தான், ஆனால் 'உழவர் சாப்பாடு' என்று பெயர் சூட்டிப் பப்புகளில் பரப்பியது 1950களில் சீஸ் வியாபாரிகள் செய்த விளம்பரம் என்று பெரியவர் சொன்னார். "உழுதவன் எவனும் 14 பவுண்டு கொடுத்திருக்க மாட்டான்" என்று சித்தப்பா சொன்னதை மொழிபெயர்த்தபோது பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

சாயங்காலம் பெரியவர் வீட்டுக் கொட்டகை. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். சுவர் முழுக்க இரும்பு மாட்டியிருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் சுண்ணக்கட்டியில் பெயர்.

ஆறு கொழு முனைகளையும் கழுவி மேசையில் வைத்தோம். பெரியவர் எழுத்துகளைத் தேடினார். வார்ப்பிரும்புச் சாமான்களில் கம்பெனிப் பெயரோ, பாக எண்ணோ வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். பழைய விலைப்பட்டியல்களோடு ஒப்பிட்டு எந்தக் கலப்பை என்று பிடித்துவிடுவார். ஒன்றில் இப்ஸ்விச் ஊர் ரான்சம் கம்பெனிப் பெயரின் பாதி தெரிந்தது. ராபர்ட் ரான்சம் 1803இல் ஒரு காப்புரிமை வாங்கினார். கொழுவை வார்க்கும்போது அடிப்பக்கத்தைச் சட்டென்று குளிரவைப்பது. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரிக் கடினமாகிவிடும், மேல்பக்கம் மென்மையாக இருக்கும். உழ உழ மேல்பக்கம் மட்டும் வேகமாகத் தேய்வதால் விளிம்பு தானாகவே கூராகிக்கொண்டே போகும்.

சித்தப்பா எழுத்துப் பக்கம் போகவே இல்லை. ஒவ்வொன்றையும் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினார். உடைந்த வாயைப் பார்த்தார். "இது காய்ச்சி அடிக்கிற இரும்பு இல்ல. உடைஞ்ச இடம் சர்க்கரை மாதிரி மணிமணியா இருக்கு பாரு. நம்ம கொழு தேஞ்சா ஆசாரிகிட்ட கொண்டுபோய் நீட்டிக்கிட்டு வருவோம். இதை நீட்ட முடியாது, அடிச்சா தெறிச்சுடும். அதான் தேஞ்சதும் கழட்டி வீசிட்டான்."

பெரியவர் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாற்பது வருடத் தேடலில் வார்ப்பிரும்புக் கொழு நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கிறது, அதற்கு முந்தைய அடித்த இரும்புக் கொழு மூன்றே மூன்றுதான். பழையது மண்ணில் அரித்துப் போயிருக்கும் என்று நினைத்திருந்தாராம். கொல்லன் பட்டறைக்குத் திரும்பத் திரும்பப் போய், கடைசித் துண்டு வரை வேறு ஏதோவாக மாறியிருக்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது என்றார். அந்த மூன்றில் ஒன்றை எடுத்துக் காட்டினார். துரு உதிர்ந்த இடத்தில் விறகு மாதிரி இழை இழையாகப் பிரிந்திருந்தது. அடித்த இரும்புக்கு அதுதான் அடையாளம்.

அது இரண்டு பக்கமும் சமமான, இறக்கை இல்லாத கொழு. கென்ட், சசெக்ஸ் மலைச்சரிவுகளில் மண் புரட்டும் பலகையை இடமும் வலமும் மாற்றி மாட்டி உழுத 'டர்ன்ரெஸ்ட்' கலப்பையுடையதாம். சித்தப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நம்மளுதுதான்" என்றார். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு. மழை

விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. வயலுக்கு வழியில்லை. ஈர மண்ணில் நடந்தால் நிலம் இறுகிவிடும், நிலத்துக்காரர் அடுத்த வருடம் விடமாட்டார்.

ஆன் ஆஃப் கிளீவ்ஸ் மாளிகை அருங்காட்சியகத்துக்குப் போனோம். சசெக்ஸின் இரும்புத் தொழிலைப் பற்றி ஒரு கூடம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இரும்பு உலைகள் பெரும்பாலும் இந்தக் காடுகளில்தான் இருந்தன. 1543இல் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள பக்ஸ்டெட்டில் ஒரே வார்ப்பாகப் பீரங்கி வார்த்தார்கள். நிலக்கரி உலைகள் வந்ததும் தொழில் வடக்கே போய்விட்டது. சித்தப்பா கணப்புக்குப் பின்னால் வைக்கும் வார்ப்பிரும்புத் தகடுகளைத் தட்டிப் பார்க்கப் போனார். காவலர் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்டது நான்.

மதியத்துக்கு மேல் மறுபடி கொட்டகை. துரு எடுப்பது எப்படி என்று பார்த்தோம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், சலவைச் சோடா, பழைய கார் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் முனையைப் பொருளில், பாசிட்டிவை ஒரு வீணான இரும்புத் தகட்டில் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் பொருள் கரைந்துபோகும். எவர்சில்வர் தகடு போடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நஞ்சாகித் தண்ணீரில் இறங்கும். நுரை நுரையாக ஹைட்ரஜன் கிளம்பும், கதவு திறந்திருக்க வேண்டும். திறந்த கதவு வழியாக மழைச்சாரல் முழுக்க என் மேல்தான்.

ஒருநாள் ஊறிய லாடத்தை எடுத்துத் துடைத்ததும் ஆணித்துளைகள் தெரிந்தன. ஒரு பக்கம் நான்கு, மறு பக்கம் மூன்று. நான்கு இருப்பது குளம்பின் வெளிப்பக்கம், அதை வைத்து இடது காலா வலது காலா என்று சொல்லலாம். முன்விளிம்பில் குளம்பைப் பற்றிக்கொள்ளும் சின்ன நாக்கு இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிறகோ. சித்தப்பா முன்விளிம்பின் தேய்மானத்தைக் காட்டி, "காலை இழுத்து இழுத்து வச்சிருக்கு, கிழட்டுக் குதிரை" என்றார். இதைச் சரிபார்க்க யாராலும் முடியாது என்பதால் ஏற்றுக்கொண்டோம்.

அவருக்கும் தப்பு வந்தது. சட்டத்தில் தொங்கிய பெரிய இரும்புக் கொக்கியைக் கிணற்றில் விழுந்த வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியின் துண்டு என்று சத்தியம் செய்தார். அது குதிரையின் இழுவைச் சங்கிலியைக் குறுக்குக்கட்டையில் மாட்டும் கொக்கி. பெரியவர் கட்டையோடு மாட்டிக் காட்டிய பிறகும், "அதுக்கும் ஆகும்" என்றார்.

மழை விடுவதாக இல்லை. பெரியவர் பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்தார். என்னவென்று தெரியாதவற்றையெல்லாம் அதில் போட்டு வைப்பாராம். பாதிச் சலங்கை ஒன்று. அது தெரியாத பொருள் இல்லையே என்றேன். சலங்கை தெரியும், அதன் அடியில் பாதி எழுத்து மட்டும் இருந்ததால் செய்தவர் யாரென்று தெரியவில்லை. ஆர், டபிள்யூ என்று முழுதாக இருந்தால் வில்ட்ஷயரில் ஆல்ட்போர்ன் ஊர் ராபர்ட் வெல்ஸின் பட்டறை, 18ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதி. குறுகலான பாதைகளில் எதிர் வண்டிக்குத் தெரியக் குதிரைகளுக்குக் கட்டியது.

டப்பாவின் அடியில் பித்தளை உருண்டை ஒன்று. பெரிய நெல்லிக்காய் அளவு. ஒரு பக்கம் வாய், உள்ளே குழி. 'கட்டில் குமிழ், இல்லையென்றால் கைத்தடிப் பூண்' என்று ஒட்டியிருந்த காகிதத்தில் எழுதி, கேள்விக்குறி போட்டிருந்தார்.

சித்தப்பா சுண்டுவிரலை உள்ளே விட்டார். எடுத்தார். மறுபடி விட்டுச் சுற்றினார். வெளிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார்.

"தம்பி, இது குப்பிடா. கொம்புக் குப்பி."

எனக்கு ஒரு நொடி எடுத்தது. பொங்கலுக்குப் பொங்கல் சாம்பல் போட்டு விளக்கி, மாட்டுக் கொம்பு நுனியில் மாட்டுவோமே, அந்தக் குப்பி. "இங்கே எப்படி சித்தப்பா?" என்றேன். "மாடுன்னா கொம்பு இருக்கும், கொம்புன்னா குத்தும். இதுல எந்த ஊர்னு என்ன இருக்கு?" என்றவர், விளக்கமும் சொன்னார். உள்குழி நேராக இல்லை, போகப் போகக் குறுகுகிறது. கட்டில் குமிழுக்கு அது எதற்கு? வாய்க்குப் பக்கத்தில் ஆணி இறுக்க ஒரு சின்னத் துளை. வெளியே ஒரு பக்கம் மட்டும் மழமழவென்று தேய்ந்து தட்டையாகியிருக்கிறது. மாடு தொட்டியிலும் கம்பத்திலும் கொம்பை உரசுகிற பக்கம் அது.

பெரியவர் அந்தக் காகிதத்தைக் கிழித்தார். சசெக்ஸில் 1920கள் வரைகூடச் சில பண்ணைகளில் மாடு கட்டித்தான் உழுதார்கள், இந்த மாவட்டத்துச் செம்மாடுகள் அதற்குப் பேர்போனவை, பழைய புகைப்படங்களில் கொம்பு நுனியில் குமிழ் பார்த்திருக்கிறேன், 11 வருடம் டப்பாவில் வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றவில்லையே என்று தலையில் தட்டிக்கொண்டார். ஆனாலும் மனிதர் ஒழுங்கானவர். லூயிஸிலேயே கண்டெடுத்த பொருள்களைப் பதிவுசெய்யும் தொல்லியல் அலுவலர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டிய பிறகே புதுக் காகிதம் ஒட்டுவேன் என்றார்.

பிறகு இரண்டு பேரும் மாட்டுக்குப் பெயர் வைப்பதைப் பற்றிப் பேசினார்கள். இங்கே ஜோடியாகத்தான் வைப்பார்களாம். குவிக் என்றால் பக்கத்து மாடு நிம்பிள். ஹாக் என்றால் ஃபெசன்ட். ஒன்று சின்னப் பெயர், ஒன்று நீளப் பெயர். சித்தப்பா தன் மாடுகளின் பெயர்களைச் சொன்னார். நான் நடுவில் இல்லாமலே ஓடியது அந்தப் பேச்சு.

செப்டம்பர் 23, திங்கள். சாவி

மழை விட்டது. வயலின் மேட்டுப் பக்கம் மட்டும் போகலாம் என்று நிலத்துக்காரர் சொல்லியனுப்பினார். வேலியோரம் செடியை விலக்கப் போய் கையில் நெட்டில் பட்டது. நம்மூர் செந்தட்டி மாதிரித்தான். அரை மணி நேரம் குதித்தேன். டாக் என்ற இலையைக் கசக்கித் தேய்க்கச் சொன்னார் பெரியவர். எரிச்சல் தீர்ந்ததா, நேரம் ஆனதா, தெரியவில்லை.

பதினொரு மணிக்குத்தான் பையில் விடுதிச் சாவி இல்லை என்று தெரிந்தது. பித்தளைச் சாவி, 25 பவுண்டு. "பரவாயில்லை, கையில் டிடெக்டர் இருக்கிறதே" என்று பெரியவர் உற்சாகமாகிவிட்டார். ஹாக்ஸ்னி சுத்தியலை நினைத்திருப்பார். நான் நடந்த தடத்தையே மூன்று பேரும் வரிசையாக வீசிக்கொண்டு திரும்பினோம்.

வரப்பிலிருந்து இருபதடியில் சித்தப்பாவின் கருவி கீச்சிட்டது. "சாவி!" என்றேன். தோண்டினால் தட்டையான இரும்புத் துண்டு. உள்ளங்கையில் பாதி, மாங்காய்க் கீற்று மாதிரி வளைவு, வெளிவிளிம்பில் ஐந்து சின்ன ஆணித்துளைகள். உள்விளிம்பில் துளையே இல்லை.

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். "கியூ" என்றார். "லாடம்" என்றார் சித்தப்பா, அதே நேரத்தில்.

குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, ஒரு லாடம். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, ஆகவே காலுக்கு இரண்டு துண்டு, மாட்டுக்கு எட்டு. வெளிவிளிம்பில் மட்டும் ஆணி, ஏனென்றால் உள்பக்கத்துக் குளம்புச் சுவர் ஆணி தாங்காது. அந்தச் சின்னத் துண்டுக்குச் சசெக்ஸில் கியூ என்று பெயர். சித்தப்பா வயலிலேயே உட்கார்ந்து, மாட்டுக்கு எப்படிக் கயிறு போட்டுச் சாய்ப்பது, நான்கு காலையும் எப்படிச் சேர்த்துக் கட்டுவது, தலையை ஒருவன் எப்படி அழுத்திப் பிடிப்பது என்று என்னையே மாடாக்கிச் செய்து காட்டினார். ஈரத் தாளில் குப்புறக் கிடந்தபடி நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இங்கேயும் அப்படித்தானாம். மாட்டைச் சாய்த்து, கழுத்தின் மேல் ஒரு ஆள் உட்கார, கொல்லன் லாடம் அடிப்பான்.

எந்தக் கால், எந்தப் பக்கம் என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. பெரியவர் முன்னங்கால் என்றார். சித்தப்பா பின்னங்கால் என்றார். நுனியில் தேய்மானம் அதிகம், இழுக்கிற மாடு பின்னங்காலில் உந்தும் என்பது அவர் கட்சி. தீர்ப்பு வரவில்லை. கண்டெடுத்த இடத்தைப் பெரியவர் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொண்டு, துண்டை ஒரு பையில் போட்டு எண் எழுதினார்.

சாவி பிளாஸ்க் வைத்திருந்த பையின் அடியில் கிடந்தது. டீ ஊற்றும்போதுதான் தெரிந்தது. அதற்குள் மூன்று மணி.

செப்டம்பர் 24, செவ்வாய். திரும்புதல்

தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் இல்லை, மாற்றுப் பஸ் வரும் என்றார்கள். முதல் பஸ் நிரம்பி வந்தது, இரண்டாவது வரவே இல்லை. ஒன்றரை மணி நேரம் நின்றோம். அறிவிப்புக் குரல் ஒவ்வொரு பத்து நிமிடமும் எங்கள் பொறுமைக்கு நன்றி சொன்னது. சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் அதில் வந்ததால், அவர் ஒவ்வொரு முறையும் பதிலுக்கு "தேங்க்யூ" என்றார்.

வழியனுப்ப வந்த பெரியவரும் எங்களோடு நின்றார். மாட்டு லாடத்தை ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று சித்தப்பா கேட்கச் சொன்னார். நிலத்துக்காரர் தரத் தயார்தான். ஆனால் இந்த நாட்டு மண்ணிலிருந்து எடுத்த 50 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தத் தொல்பொருளும், பத்துக் காசு பெறாவிட்டாலும், ஏற்றுமதி உரிமம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. விண்ணப்பிக்கலாம், வாரக்கணக்கில் ஆகும். சித்தப்பாவின் விமானம் பத்து நாளில். "இங்கேயே இருக்கட்டும். மாடும் இந்த ஊருதானே" என்றார்.

பெரியவர் கோட்டுப் பையிலிருந்து சனிக்கிழமை எடுத்த டிராக்டர் கடையாணிகளில் ஒன்றை எடுத்தார். தலையில் வில் வளையம் வைத்தது. பத்து வருடம்கூட ஆகாது, நானே பத்து பென்ஸுக்கு வாங்கித் தொலைத்ததாகக்கூட இருக்கும் என்றார். துரு எடுத்து மெழுகு தடவியிருந்தார். சித்தப்பா வளையத்தைத் தூக்கிப் பார்த்தார், விட்டார். டக்கென்று மூடிக்கொண்டது.

பஸ் வந்தது. பெரியவர் கை குலுக்கினார். இந்த முறை அவர் சித்தப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

லண்டன் வந்து சேர இரவு ஒன்பது. சித்தப்பா கை கால் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் எங்கே என்று கேட்டார். இப்போது சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து, கடையாணியின் மெழுகைத் துடைத்துவிட்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். மெழுகு இரும்புக்கு ஆகாதாம்.